அத்தையின் இசைத்தட்டுக்கு இரண்டு வேகம்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், இங்கே உடம்புக்குக் குறையில்லை, அலுப்புதான். உன் அத்தைக்கு இடது காது போயே போய்விட்டது, வலதும் அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்கு ஒரே பிடிவாதம், கல்யாணத்துக்கு முன் பாடிப் பதிந்த அந்த அரக்கு இசைத்தட்டைக் காது இருக்கும்போதே கேட்டுவிட வேண்டுமாம். உன் அப்பா எங்கிருந்தோ ஒரு பழைய பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தார், கூடம் முழுக்க ஒயரும் திருப்புளியும், கால் வைக்க இடமில்லை.

வழக்கமான எழுபத்தெட்டு சுற்று வேகத்தில் வைத்தால் எலிக்குஞ்சு கீச்சிடுகிறது என்று அத்தை முகத்தைச் சுளித்தார். அந்தக் காலத்தில் ஆளுக்கொரு வேகத்தில் பதிந்தார்களாம், தட்டில் எந்த வேகம் என்று போடவில்லை. அக்கா குரல் எனக்குத் தெரியாதா என்று உன் அப்பா வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார், ஒரே பாட்டு, ஒரே வரி, நாள் முழுக்க, எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. திடீரென்று கூடத்தில் உன் குரல் கேட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டாய் என்று ஈரக்கையோடு ஓடினேன். தட்டுதான் சுற்றிக்கொண்டிருந்தது. உன் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு இதுதான் சரியான வேகம் என்றார். அத்தை தலையை ஆட்டி, "இது நான் இல்லடா, உன் பொண்ணு" என்றார்.

அப்புறம் பரணிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கினோம். பதிவின்போது, பின்னால் அத்தையைக் கட்டிக்கொண்ட உன் மாமா வாசித்தது அதே பெட்டிதான், தான் பாடிய கட்டை எது என்று அத்தைக்கு நினைவிருக்கிறது. அதை என்னை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, பாட்டும் பெட்டியும் ஒரே சுருதியில் ஒட்டும்வரை உன் அப்பா வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒட்டியதும் அத்தை வலது காதைப் பிளேயரோடு வைத்துக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். நன்றாகத்தான் பாடியிருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான்.

முடிந்ததே, எடுத்துவைக்கலாம் என்றேன். அத்தை விடவில்லை. அவர் ஆசை தீர்ந்துவிட்டதாம், இனி அந்தத் தப்பான வேகத்தில் தினம் ஒரு தடவை போட வேண்டுமாம். எனக்கும் வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை, அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்கிறேன்.

நலம் என்று நீ அனுப்பும் மெசேஜ் எல்லாம் வருகிறது, அத்தையால் அதைக் காதில் கேட்க முடியாதே. சீக்கிரம் போன் பண்ணு, வலது காதில் வைத்துவிடுகிறேன், உரக்கப் பேசு. பாட வேண்டாம், திட்டினாலும் போதும். ஈரத்தலையோடு குளிரில் வெளியே போகாதே. எங்கள் மூவர் ஆசீர்வாதமும் உன் கூடவே இருக்கும்.

உன் அம்மா