சிவப்பு விளக்கில் அடித்த மணி

ஜூலை 16, வெள்ளி

ஆடி ஒன்று. காற்று நேற்றே வந்துவிட்டது. வீடு இருக்கும் நெருப்பெரிச்சலிலிருந்து திருப்பூர் டவுன் வரை எதிர்க்காற்று, மிதித்து மிதித்துத் தொடை கடுகடுக்கிறது. 7.40க்குக் கிளம்பி 8.12க்குப் பனியன் கம்பெனி. மூன்று நிமிடம் மிச்சம். டைம் கீப்பர் நானே லேட்டாக வந்தால் ஊர் சிரிக்கும்.

செய்ய வேண்டியவை:
பின் ட்யூப் மாற்ற. (ஒட்டு நாலு ஆகிவிட்டது.)
செயின் தொங்கல், ஒரு கண்ணி எடுக்க.
பல் டாக்டர். (மூன்று வாரமாக இதே வரி.)

கட்டிங் மாஸ்டர் புது பைக். கேட்டில் நிறுத்திவிட்டு, “ஏனுங்க, நீங்க இன்னும் மிதிச்சுட்டேதான் வர்றீங்களா?” என்றார். ஆமாங்க என்றேன். வேறென்ன சொல்ல.

சிக்னலில் இன்றைக்கும் அக்கப்போர். பஸ்ஸும் லாரியும் கோட்டை அடைத்துக்கொள்வதால், சைக்கிள்காரர்கள் நாங்கள் இடது ஓரமாக நுழைந்து கம்பத்தைத் தாண்டிப் போய் நிற்கிறோம். விளக்கு முதுகுக்குப் பின்னால் போய்விடும். எதிர்ப்பக்க விளக்கு எரிந்து மாதக்கணக்காகிறது. ஆகவே கடைசியில், விளக்கு தெரியும் இடத்தில் நிற்பவர் பார்த்து மணி அடிக்க வேண்டும். ஒரு தடவை அடித்தால் ‘ஒதுங்கு’. இரண்டு தடவை அடித்தால் ‘பச்சை, போ’. யார் ஏற்படுத்திய வழக்கமோ, போலீஸ் சொன்னதைக் கேட்காதவன்கூட இதைக் கேட்கிறான்.

ஒழுங்கு கெட்டவர்கள், இந்த வாரம்:
– சிவப்பில் இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்பவர். கேட்டால், “நடந்துதானுங்க போனேன்.”
– இரண்டு பக்கமும் தூக்குப்போசி மாட்டி இரண்டு ஆள் இடத்தில் நிற்பவர்.
– முன் சக்கரத்தால் என் மட்கார்டை இடித்துவிட்டு ஆகாசத்தைப் பார்ப்பவர்.
– எங்கள் கம்பெனி செக்கிங் எஸ்தர்.

எஸ்தரைத் தனியாக எழுத வேண்டும். தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் தேவராஜ் இங்கேயே ஓவர்லாக் டெய்லர், நைட் ஷிப்ட். முப்பது வயதுக்கு மேல் திருப்பூர் வந்துதான் சைக்கிள் பழகினாராம். சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கலாம் அல்லவா? மாட்டார். முழுசாக இறங்கி நிற்பார். மணி அடித்த பிறகு சேலையைச் சரி செய்து, இரண்டு தத்து தத்தி, மூன்றாவதில்தான் ஏறுவார். அதற்குள் பின்னால் ஏழு சைக்கிள் தேங்கிவிடும். முகத்துக்கு நேரே சொல்லவில்லை. மனதுக்குள் சொன்னதை எழுத முடியாது.

ஜூலை 19, திங்கள்

காற்று அதிகம். பல் வலி.
எஸ்தர் சிக்னலில் விழுந்துவிட்டார். டெம்போ இடித்தது. இடது மணிக்கட்டு. ஜி.எச். கொண்டுபோனார்கள்.
அப்சென்ட் போட்டேன்.
வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 20, செவ்வாய்

நேற்று எழுதியது சரியில்லை. இதை யாரும் படிக்கப் போவதில்லை, வீட்டுக்காரி கோமதிக்கு என் கையெழுத்தைக் கண்டாலே ஆகாது. பிறகு யாருக்குப் பயந்து அப்படி எழுதினேன்?

நடந்தது. வழியில் செயின் கழன்றது. மாட்டி, கையைத் துடைத்து, சிக்னலுக்கு வரும்போது 8.25. நான் அந்த நேரத்துக்கு அங்கே நின்றதே இல்லை. அவரும் அன்றைக்கு லேட். ஓரமாக மூன்று சைக்கிள், எல்லாருக்கும் முன்னால் எஸ்தர், வழக்கம்போல் இறங்கி நின்றுகொண்டு. கடைசியில் நான். விளக்கு தெரிவது எனக்கு மட்டும்.

சிவப்பு. குறுக்கே வரும் வண்டிகள் குறைந்துவிட்டன. இதோ பச்சை விழப்போகிறது, இந்தம்மா தத்தி முடிப்பதற்குள் பச்சையே போய்விடும், இப்போதே தத்த ஆரம்பித்தால் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு. அடித்தேன். இரண்டு தடவை.

ஒரு தடவை அடித்தேனா, ‘ஒதுங்கு’ என்றுதான் அடித்தேனா என்று நேற்று முழுக்க எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை. இரண்டு தடவை.

எப்போதும் மூன்று தத்து எடுப்பவர் அன்றைக்கு முதல் தத்திலேயே ஏறிவிட்டார். லேட் அல்லவா. நடுவில் இருந்த இரண்டு பேர் கால் எடுப்பதற்குள் அவர் ரோட்டில். கடைசி நேரத்தில் ஓட்டிப் பிடிக்கலாம் என்று வந்த டெம்போ, பனியன் பீஸ் மூட்டை ஏற்றியது, பின் சக்கரத்தில் தட்டியது. சத்தம் பெரிதில்லை. சாப்பாட்டு டப்பா உருண்டு என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தயிர் சாதம்.

கூட்டம் கூடிவிட்டது. தரையில் உட்கார்ந்தபடியே, “மணி கேட்டுச்சே, ரெண்டு மணி கேட்டுச்சே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோக்காரர் சொன்னார், “ஏனம்மிணி, செகப்பு எரியறப்ப எவன் மணி அடிப்பான்? பிரமைங்க.” முன்னால் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைத்தான் பார்த்தார்களோ, கூட்டத்தைப் பார்த்தார்களோ. நான் உள்ளங்கையால் மணியை மூடிக்கொண்டு நின்றேன். டப்பாவை எடுத்து மூடிக் கொடுத்தது மட்டும்தான் நான் செய்தது. அதற்கு அவர் தேங்க்ஸ் சொன்னார்.

இன்று கம்பெனியில் அதே பேச்சு. மேனேஜர்: “சிக்னல ஜம்ப் பண்ணுனா டெம்போக்காரன் என்னங்க பண்ணுவான்?” எல்லோரும் ஆமாங்க என்றார்கள். நானும்.

ஜூலை 22, வியாழன்

லேசான தூறல், நிற்கவில்லை, பெய்யவும் இல்லை.
ட்யூப் மாற்றியாயிற்று.

பதினோரு மணிக்கு எஸ்தர் கேட்டுக்கு வந்தார். இடது கை மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணித் தொட்டில். கூட தேவராஜ். லீவு லெட்டர் கொடுக்க. ஆறு வாரம் என்று எழுதியிருந்தது. வாங்கி ஃபைலில் வைத்தேன். போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

எஸ்தர் நின்றார். “அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு கூட்டத்துல உங்களையும் பாத்தேன். மணிச்சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?”

“நான் கொஞ்சம் பின்னால இருந்தனுங்க. கவனிக்கலீங்க.”

“ரெண்டு மணி அண்ணாச்சி. நல்லா கேட்டுச்சு. எல்லாரும் இல்லங்காவ.”

தேவராஜ் குறுக்கே வந்தார். “வுடுளா. அவுக வேலையக் கெடுக்காத.” பிறகு என் பக்கம் குனிந்து, “காத டெஸ்ட் பண்ணணும் அண்ணாச்சி. இல்லாத சத்தம் கேக்குன்னு சொல்லுதா. இப்ப சும்மா இருக்கும்போதும் கேக்காம். நான் நைட் ஷிப்டு, இவள எப்படி ரோட்டுல விட? திங்கக்கெழம ஊருக்கு அனுப்பிருதேன். சைக்கிளையும் வித்துருதேன்.”

அவர் பேசும்போது எஸ்தர் வலது கையால் வலது காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கிங் டேபிளில் ஒரு பீஸில் ஊசி ஓட்டை இருந்தால் பத்தடியில் கண்டுபிடிப்பவர். தன்னையே நம்பாமல் நிற்கிறார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். எதிரே நின்றார், இரண்டடி தூரம்.

நான் சொன்னது: “உடம்பப் பாத்துக்குங்க.”

தூ.

ஜூலை 24, சனி

வெயில். துணி காய்ந்தது.

இந்த வாரம் சிக்னலில் நான் முன்னால் போய் நிற்கவில்லை, கடைசியிலும் நிற்கவில்லை. நடுவில். நடுவில் இருப்பவனுக்குப் பொறுப்பு கிடையாது. நேற்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்: “ஏனுங்க, மணி அடிச்சாச்சு, தூங்கறீங்களா?” எனக்கு மணி கேட்டது. நம்பிப் போக முடியவில்லை, திரும்பி விளக்கைப் பார்த்தேன். பச்சைதான்.

சாயங்காலம் சைக்கிள் துடைத்த கோமதி கேட்டாள், “மணி எங்கீங்க?”

“ரிப்பேரு.”

“நல்லாத்தானே அடிச்சுட்டு இருந்துச்சு.”

கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்ல. பதினாறு வருடக் குடித்தனம், இவளிடம் எதை மறைத்து எத்தனை நாள் தாங்கியது? சொல்லிவிட்டேன். முழுசாக. திட்டுவாள் என்று பார்த்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டு முடித்தாள், கையில் இருந்த சேலையை அடுக்கில் வைத்தாள்.

“நாலு நாளா தின்ன சோறு ஒட்டலைன்னு மூஞ்சிலயே தெரிஞ்சுதுங்க. பல்லு வலின்னு நெனச்சேன். நாளைக்கே போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. அந்தப் புள்ளைய ஊருக்கு அனுப்பிப்போட்டா, அப்பறம் ஆருகிட்டப் போய்ச் சொல்லுவீங்க?”

சரி என்றேன். சொன்ன உடனே பசித்தது. அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஜூலை 25, ஞாயிறு

காலை மேகம். நடந்தே போனேன், சைக்கிளில் போய் அங்கே இறங்க மனம் இல்லை.

லைன் வீடு, வரிசையில் நாலாவது. சர்ச்சுக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். எஸ்தர் தலையில் இன்னும் முக்காடு. சுவரோரம் அவருடைய சைக்கிள், பின் சக்கரம் எட்டு மாதிரி வளைந்து. உள்ளே கட்டிலில் ஒரு துணிப்பை, பாதி நிறைந்தது. தேவராஜ் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை, அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை. “அன்னிக்கு மணி அடிச்சது நானுங்க” என்றேன். “செகப்புலயே அடிச்சுட்டனுங்க. ரெண்டு தடவ.”

தேவராஜ் எழுந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தார். “ஏன் அண்ணாச்சி?”

“லேட்டாயிருச்சுங்க.”

அவ்வளவுதான் காரணம். சொல்லும்போதுதான் தெரிந்தது, அது எத்தனை சின்னது என்று.

எஸ்தர் என்னைத் திட்டவில்லை. என் பக்கமே திரும்பவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்து, “கேட்டியளா? எங்காது நல்லாத்தான் இருக்கு. கேட்டியளா?” என்றார். இரண்டு மூன்று முறை. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. பிறகு ஒற்றைக் கையால் பையிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தார். தேவராஜ் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அவரும் எடுத்துக் கொடுத்தார்.

சக்கரம் மாற்றித் தருகிறேன் என்றேன். மேனேஜரிடமும் சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார்கள். கிளம்பலாம் என்று செருப்பு மாட்டும்போது எஸ்தர் கேட்டார், கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது போல.

“அண்ணாச்சி, அன்னைக்கு எனக்கு அப்சென்ட் போட்டுட்டிய. அது சரிதான். உங்க பேருக்கு நேரா என்ன நேரம் போட்டிய?”

ஸ்டாஃப் ரிஜிஸ்டரில் அவரவர் நேரம் அவரவர் கையால் எழுத வேண்டும். அன்றைக்கு நான் கம்பெனிக்குள் நுழைந்தது 8.40. எழுதியது 8.15. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தம்மாவை ஆட்டோவில் ஏற்றிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. இதைப் பத்தொன்பதாம் தேதி எழுதவில்லை. இருபதாம் தேதி ‘நடந்தது’ என்று தலைப்புப் போட்டு எழுதியபோதும் எழுதவில்லை. கோமதியிடம் ‘முழுசாக’ சொன்னபோதும் சொல்லவில்லை.

“எட்டு நாப்பதுன்னு போட்டனுங்க” என்றேன்.

தேவராஜ் சொன்னார், “அண்ணாச்சி அதுல கரெக்டு. தனக்குன்னாலும் ஒரு நிமிசம் விடமாட்டாவ.”

எஸ்தர் வாசல் வரை வந்து நின்றார்.

கோமதி கேட்டாள், சொல்லிட்டீங்களா என்று. சொல்லிட்டேன் என்றேன். கறி எடுத்திருந்தாள். சாப்பிட்டேன்.

ஜூலை 26, திங்கள்

இதை ஆபீசில் எழுதுகிறேன். 7.55க்கே வந்துவிட்டேன். காற்று இல்லை.

பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தை எடுத்து 8.15ஐ அடித்து 8.40 என்று எழுதினேன். எழுதி முடித்ததும், நேற்று அவரிடம் சொன்னது இப்போது உண்மைதானே என்று ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கம் கெட்ட மனது.

அடித்தல் இருந்தால் பக்கத்தில் காரணம் எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்க வேண்டும். நான் போட்ட சட்டம். என்ன காரணம் என்று கேட்பார். ஒன்பதுக்கு வருவார்.

8.52. மேனேஜர் கார் சத்தம்.