கழலாத கண்ணாடி

மாமா, சண்டை போடத் தெம்பில்லை. ஆனாலும் நேற்று நீங்கள் சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறேன். "கேமராவுக்குத் திருகுற ஃபில்டர்தான்டி கெட்டியா நிக்கும், செருகுறது காத்துல ஆடும்" என்றீர்கள். கெட்டியாகத்தான் நின்றது. கடலூர் பீச்சில் வெயிலுக்காக அதைப் போட்டு மாப்பிள்ளையைப் படம் எடுத்தபோது திருகு மரையில் மணல் ஏறிவிட்டது. மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டியபோதும் அந்தக் கறுப்புக் கண்ணாடி லென்ஸை விட்டு வரவில்லை. தாலி கட்டிய படமெல்லாம் ஒரே இருட்டு, ஒன்றுகூடத் தேறவில்லை. செருகுவதாக இருந்திருந்தால் ஒரே இழுப்பில் வந்திருக்கும்.

சாயங்காலம் கேமரா கடை ஆரோக்கியராஜ் அண்ணன் இரண்டு வகை ஃபில்டரும் கொண்டுவருவார். நீங்களே பார்த்து எடுங்கள். கருவாட்டுக் குழம்பு சட்டியில் இருக்கிறது, சோறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோ சாவி டிவி மேல்.

நான் கடலூருக்கு, அந்தக் கல்யாணப் பொண்ணு வீட்டுக்குப் போகிறேன். "ஆல்பம் எப்பம்மா வரும்?" என்று அவளுடைய அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறார். பஸ்ஸில் படிக்க அந்த ரஷ்ய நாவலை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஒருவர் உண்மையைச் சொல்வதற்குள் பாதிப் புத்தகம் முடிந்துவிடுகிறது.

கயல்

பி.கு.: நான் போய்ச் சேர்வதற்குள், இந்த ஒரு தடவை, நீங்களே அந்த அம்மாவுக்குப் போன் செய்து, தாலி கட்டிய படம் இல்லை என்று சொல்லிவிடுகிறீர்களா?