கங்காணி என்று நாம் பெயர் வைத்த எடிட்டர்

அடி பூச்சி,

உன் கம்பியூட்டர் இன்றைக்கு வீட்டுக்கு வந்துவிட்டது. கித்துல்கல லொட்ஜ் முதலாளி மாத்தயா புதிது வாங்கிவிட்டாராம். பழையது, சிங்களத்தில் உன்னைத் தங்கச்சி என்பாரே, அந்த நங்கியின் கை பட்டது, அவள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று வேனில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். உன் அண்ணன் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியில் மூன்று விரலால் திருநீறு பூசினார். பிறகு கைகட்டி நின்றார். அதுவாக ஏதாவது செய்யும் என்று நினைத்தாரோ என்னமோ.

"சுவிட்சப் போடணுங்க" என்றேன்.

"உனக்குத் தெரியுமா?" என்றார். இன்று அவர் பேசியதில் பாதிக்கு மேல் அதுதான்.

கீபோர்டைத் துடைக்கத் துணி எடுத்தேன். நீ நெற்றியில் தடவும் தைலத்தின் வாசனை அதில் அப்படியே இருந்தது. துடைக்காமல் துணியை மடித்து வைத்துவிட்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீசில் என் பெயரைத் தவிர எதையும் படிக்கத் தெரியாது. ஆனாலும் நீ ஸ்கிரிப்ட் எழுதுகிற எடிட்டரின் சின்னப் படம் எது என்று தெரியும். அதை அமுக்கினேன், திறந்தது. கலர் கலராக உன் வரிகள். உன் அண்ணன் என்னைப் பார்த்தார் பார், கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை.

உனக்காகக் கொழும்பில் கார்மெண்டில் இடம் பேசிவிட்டு, பெரிய பேக் ஒன்றையும் வாங்கி வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? சண்டை நடந்து, தெருவுக்குத் தெரு அடையாள அட்டை கேட்கிற காலம் அது. நீ போக மாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. அந்தப் பேக்கில் என் விறகுச் சுள்ளியை எல்லாம் அள்ளிப் போட்டு அடுப்படியில் வைத்தாய். அந்த நேரத்தில்தான் லொட்ஜ் மாத்தயா ஒரு வார்த்தை சொன்னார். ஆற்றில் ரப்பர் படகு ஓட்ட வருகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்தே பெயர் பதிய ஒரு வெப் பக்கம் வேண்டும். இரண்டு கிழமைக்குள், பதினாலே நாளில், அதைச் செய்து காட்டினால் ஒபிசில் உனக்கு வேலை. இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார். வேலை கிடைத்தால் தினமும் பஸ்ஸில் போய் வரலாம். கிடைக்காவிட்டால் பேக்கிலிருந்து சுள்ளியைக் கொட்ட வேண்டியதுதான்.

கவலை உனக்கு மட்டும் என்று நினைக்காதே. நீ போய்விட்டால், ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுகிற மனுசனோடு நான் தனியாகக் கிடக்க வேண்டும்.

புளத்கொகுபிட்டிய டவுனில், போனும் கம்பியூட்டரும் வைத்திருந்த முஸ்லிம் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் நீ கடிதம் டைப் அடித்துக் கொடுத்தாய். அதற்குப் பதிலாக மத்தியானத்தில் ஒரு மிசின் உனக்கு. ஆம்பிளைகள் வந்து போகிற இடம், தனியாகப் போகாதே என்று உன் அண்ணன் சொல்லிவிட்டதால், நானும் பால் வெட்டு முடிந்து கையில் ரப்பர் பால் நாற்றம் போகத் தேய்த்துக் கழுவிவிட்டு உன்னோடு வந்தேன். துணைக்கு வந்தவளுக்கு ஒரு ஸ்டூல்.

"அண்ணி, முதல்ல ஒரு எடிட்டர் பிடிக்கணும்" என்றாய்.

"அது எதுக்கு?"

"ஸ்கிரிப்ட் எழுத."

"எழுதத்தான் கொப்பி இருக்கே."

"கொப்பியில எழுதி வெச்சா கம்பியூட்டர் எட்டிப் பாக்குமா அண்ணி? பேசாம இருங்க."

நான் பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம்தான்.

மிசினோடு வந்த எடிட்டர் ஒன்று இருந்தது. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். நீ என்ன எழுதினாலும் ஆமாம் சாமி போட்டது. நீ ஒரு நாள் முழுக்க எழுதினாய். பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளை. எங்கே பிழை என்று அது வாய் திறக்கவில்லை. "உங்கண்ணன் மாதிரியே இருக்கு" என்றேன். நீ சிரித்த சிரிப்பில் நானா எழும்பி வந்து பார்த்தார்.

அடுத்தது, நீ போன கம்பியூட்டர் வகுப்பில் கிடைத்த சீடியில் இருந்த பெரிய எடிட்டர். அதைத் திறக்க ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் எடுத்தது. நீ ஒரு வரி எழுதினால் அது பத்து வரி தானாக எழுதியது. "நான் கேக்காததெல்லாம் இது எதுக்கு எழுதுது?" என்று நீ பல்லைக் கடித்தாய். "தோட்டத்துத் தொரை அப்படித்தான்டி, வெட்ட ஒரு மரம் கேட்டா ஒரு மலையைக் காட்டுவாரு" என்றேன். அதற்குத் தொரை என்றே பெயர் வைத்தோம். மிசின் மூச்சு வாங்கி நின்றது.

மூன்றாவது முழுக்க கறுப்பு. கெட்டிக்காரர்கள் எல்லாம் அதில்தான் எழுதுவார்கள் என்று உன் வகுப்பில் சொன்னார்களாம். கெட்டிக்காரர்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நீ அடித்ததெல்லாம் தலைகீழாக நடந்தது. எழுதினால் அழிந்தது, அழித்தால் கீச்சென்று கத்தியது. அரை மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டாய். கடைசியில் நான்தான் எழும்பி, சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

"அல்லாவே! புள்ள, அது கம்பியூட்டரு, அரைக்கிற மெசினில்ல!" என்று நானா தலையில் கை வைத்தார்.

"வெளிய வந்துட்டோம்ல நானா" என்றேன்.

கலர் காட்டுகிற எடிட்டர் கடைசியாகத்தான் வந்தது. வரிக்கு வரி நம்பர் போட்டது. ஒரு விதமான சொல்லுக்கு நீலம், இன்னொன்றுக்குச் சிவப்பு. நீ பழைய ஸ்கிரிப்டை அதில் திறந்தாய். பாதிப் பக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே சிவப்பு. நீ அந்தச் சிவப்புக்குள்ளேயே வரி வரியாகப் பிழை தேடினாய். ஒரு மணி நேரம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது உனக்கு. இரண்டு கிழமையில் நான்கு நாள்தான் மிச்சம்.

எனக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை பூச்சி. பால் வழிந்த மரமாகத் தெரிந்தது. வெட்டின கோட்டில் ஓடி சிரட்டையில் விழ வேண்டிய பால் பட்டை முழுக்க வழிந்திருந்தால், நாங்கள் வழிந்த இடத்தைப் பார்க்க மாட்டோம். மேலே எந்த இடத்தில் கோட்டை விட்டு வெளியே வந்தது என்று பார்ப்போம்.

"கீழ ஏன்டி தேடுற? செவப்பு தொடங்குற எடத்துக்கு மேல பாரு."

நீ மேலே போனாய். மூடாமல் விட்ட ஒரு குறி இருந்தது. அதைப் போட்டதும் சிவப்பு மொத்தமும் மறைந்து, வரிகள் அதனதன் கலருக்கு வந்தன. நீ ஸ்டூலோடு சேர்த்து என்னைக் கட்டிப் பிடித்ததில் இரண்டு பேரும் விழப் பார்த்தோம். தோட்டத்துக் கங்காணி மாதிரி பின்னால் நின்று பிழை காட்டுகிறதே, இதற்குக் கங்காணி என்று பெயர் வை என்றேன். அதுவே நிலைத்தது. உன் எடிட்டர் அன்றைக்கு முடிவாகிவிட்டது.

பக்கத்தை இண்டர்நெட்டில் ஏற்றியதும், சோதனைக்கு ஒரு பெயர் கேட்டாய்.

"பொய்ப் பேர் போடாத. என் பேரப் போடு" என்றேன். தோட்டத்தில் பெயர் போடுவது விளையாட்டில்லை. செக்ரோல் கொப்பியில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்குச் சம்பளம். பிந்திப் போனால் அரைப் பேர், அரைச் சம்பளம்தான்.

"இன்னும் சொல்லுங்க" என்றாய். ராக்காயி அக்கா, செல்லம்மா என்று எங்கள் மலையில் பால் வெட்டும் அத்தனை பேரையும் சொன்னேன். என்னோடு சேர்த்துப் பன்னிரண்டு.

"எந்த நாள் எல்லாருக்கும் தோது?"

"ஞாயித்துக்கெழம."

"சாப்பாடு? சோறா, பாணா?"

"சோறுதான்டி. ஏன், நெசமாவே போடப்போறாங்களா?"

"சும்மா, சோதனை அண்ணி" என்று பட்டனை அமுக்கினாய்.

வெள்ளிக்கிழமை நானாவின் கடைக்கு மாத்தயா போன் எடுத்தார். இந்தியாவிலிருந்து ஒரு கோஷ்டி பதிந்திருக்கிறது, எல்லாம் தமிழ்ப் பெயர், பேச ஆள் இல்லை, ஞாயிறு காலையில் நீ வந்து நிற்க வேண்டும், கோழிக்கும் சொல்லியாயிற்று என்றார். போனை வைத்துவிட்டு, "அண்ணி, பதிவு போய்ச் சேர்ற ஈமெயில் முகவரிய மாத்த மறந்துட்டேன். எனக்கு வரவேண்டியது அவருக்குப் போயிருச்சு" என்று சுவரில் சாய்ந்தாய். கோழியைக் கெடுத்தவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பேக்குத்தான் என் கண்ணுக்குள் வந்தது.

நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. "பேர் விழுந்துருச்சில்ல? பேர் விழுந்தா ஆள் நிக்கணும். போவோம்."

பன்னிரண்டு பேரும் கோயிலுக்குக் கட்டுகிற சேலையில், யட்டியந்தோட்டையில் பஸ் மாறி, போய் இறங்கினோம். மாத்தயா வாசலில் பூமாலையோடு நின்றார். எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார். இந்தியாக்காரர்கள் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். நீ ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். உன் சிங்களம் அன்றைக்குத்தான் முதல் தடவை தடுமாறியது. அவர் மாலையைக் கைமாற்றிப் பிடித்தார்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டார். "யாரும் எனக்குப் போன் எடுக்காம, அந்தப் பக்கத்துல இருந்தே வந்ததா இது?"

"ஓம் மாத்தயா."

"அப்ப வேல செய்யுது தானே" என்று சொல்லி, மாலையை ராக்காயி அக்கா கழுத்தில் போட்டார்.

சோறு ஆறுவதற்குள் எங்களைப் படகில் ஏற்றிவிட்டார்கள். சேலையை மரத்துக்குப் போகிற மாதிரி தூக்கிச் செருகி, அதற்கு மேல் ஆரஞ்சுச் சட்டை. பாறைக்கு நடுவில் படகு விழுந்தபோது ராக்காயி அக்கா துடுப்பை விட்டுவிட்டு முருகனைப் பிடித்துக்கொண்டது. நான் கத்தினேன். எதற்குக் கத்துகிறேன் என்று தெரியாமலே கத்தினேன். கரையில் நின்ற நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். திங்கட்கிழமை வேலைக்குப் போனாய்.

இரண்டு வருடம் போய் வந்தாய். போன ஐப்பசி மழையில் வந்த எலிக்காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னை எடுத்துக்கொண்டது. உன் அண்ணனின் ஆறு வார்த்தையும் மூன்றாகிவிட்டது. அதில் ஒன்று உன் பெயர்.

பால் வெட்டும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் எனக்கு. மரத்தடியில் தனியாகச் சிரிப்பேன், பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைப்பேன். ராக்காயி அக்கா பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

ஆனால் ஒன்று இடிக்கிறது பூச்சி. மாத்தயாவை முதன்முதலில் பார்க்க உன்னோடு வந்த அன்று, பஸ் ஜன்னலால், ஆற்றில் படகில் கத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து, "இவ்வளவு கத்துறதுக்கு அந்தத் தண்ணியில என்னடி இருக்கு?" என்று நான் கேட்டேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். ஒரு புள்ளி பிசகினாலும் விடாதவள், முகவரியை மட்டும் எப்படி மறந்தாய்? சோதனைக்கு ஒரு பெயர் போதாதா? எல்லாருக்கும் தோதான நாளை ஏன் கேட்டாய்? உன் வேலையே போயிருக்குமே, அதையும் பார்க்காமல், எங்களை ஒரு நாள் அந்தப் படகில் உட்கார வைக்க நீ தெரிந்துதான் அமுக்கினாயா?