வெள்ளிக்கிழமை எடை

மார்ச் 13
எனக்கு எழுத்து தெரியாது. சொல்வதைப் போன் எழுதிக்கொள்கிறது. மருமகள் கலையரசி பழக்கிவிட்டாள். அவள் பட்டு நூல் கடையில் மாதிரி எடை போடுகிறாள். எடை குறைந்தால் நூல் மெல்லிசு என்று வந்த சரக்கைத் திருப்பிவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமை இப்படித் திருப்பிய சரக்கு எதிர்க்கடைத் தராசில் சரியாக நின்றதாம். இன்று மறுபடியும் அதே கதை. "எதிர்க்கடைக்காரன் உனுக்கு எவ்ளோ குடுத்தான்மா?" என்று முதலாளி மயில்வாகனம் எல்லார் எதிரிலும் கேட்டாராம். அழுதுகொண்டே சொன்னாள், நெற்றியில் சந்தனம் கலைந்திருந்தது.
வாங்கியிருப்பாளோ?

மார்ச் 16
கலையரசி இன்றும் சரியாகச் சாப்பிடவில்லை.

மார்ச் 20
மூன்றாவது தடவை. இன்னொரு தடவை ஆனால் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அவளிடம் கேட்டேன்.
"மூணு தடவையும் சந்தனத்தோட வந்தே. வெள்ளிக்கெழம என்னாம்மா பண்றாங்க அங்க?"
"தராச மூடியிருக்குற கண்ணாடிப் பொட்டிக்குப் பூஜை, மாமா. மொதலாளி கண்ணாடியத் தொடச்சிப் பொட்டு வெப்பாரு, எங்களுக்கும் சந்தனம் குடுப்பாரு."
"எதாலத் தொடைப்பாரு?"
"பட்டுத் துண்டால—" நிறுத்தினாள். தலையில் அடித்துக்கொண்டாள். "நான் படிச்ச மொதப் பாடமே அதான் மாமா! கண்ணாடியப் பட்டால தேச்சா மின்சாரம் ஏறும். ஏ.சி. போட்ட ரூமு வேற, காத்துல ஈரமே இல்ல. அந்தக் கண்ணாடிதான் நூல மேல இழுக்குது!"

மார்ச் 21
நம்பிக்கை வரவில்லை. இத்தனை பெரிய பூமி கீழே இழுக்கும்போது ஒரு கண்ணாடிப் பெட்டி என்ன செய்யும்?
"ரெண்டு அணுத்துகளுக்கு நடுவுல எடை இழுப்பு ஒண்ணுன்னா, மின்சார இழுப்பு ஒண்ணுக்குப் பக்கத்துல முப்பத்தொம்போது சுழி, மாமா."
"அப்ப நானு ஏன் தரையில குந்திக்கினு இருக்கேன்?"
சிரித்தாள். எட்டு நாள் கழித்து. "மின்சாரத்துல ரெண்டு தினுசு இருக்குது. ஒண்ண ஒண்ணு கழிச்சிடும். எடைய எதுவும் கழிக்காது, சேந்துக்கினே போவும்."

மார்ச் 27
பூஜை நடந்தது. இந்தத் தடவை அவள் சொன்னபடி ஈரப் பருத்தித் துணி. எடை சரியாக நின்றது. பிறகு அவளே பட்டால் தேய்த்துக் காட்டினாள், தராசில் எண் குறைந்ததாம். "தராசுதாம்மா கோளாறு" என்றாராம் முதலாளி. அவ்வளவுதான்.

மார்ச் 28
முதல் நாள் அவளைச் சந்தேகப்பட்டுச் சொன்ன ஒரு வார்த்தை இந்தப் போனில் அப்படியே இருக்கிறது. எனக்கு அழிக்கத் தெரியாது. அழித்துக் கொடுக்க வீட்டில் அவள் ஒருத்திதான்.