பூவுக்குள் குடிக்காத தண்ணீர்

பிப்ரவரி 12, திங்கள்
டயாலிசிஸ் பிரிவில் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. ஏசுஅடிமை அண்ணனுக்கு ஊசி ஏற்றும்போது, “மக்கா, மூத்திரம் பெய்து வருஷம் ஒண்ணாச்சுலே. அது எப்பிடி இருக்கும்னே மறந்து போச்சு” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.
வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. “நின்னு மருந்தடிச்சதுலே” என்கிறார். நாளைக்கு ரத்தம் எடுத்தே தீருவேன்.

பிப்ரவரி 14
அப்பாவுக்குக் கிரியேட்டினின் 2.3. 1.3-ஐத் தாண்டக் கூடாது.

பிப்ரவரி 17
அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். தோவாளையில் ஞானதாசன் தோட்டத்துப் பிச்சிப்பூவுக்கு இருபது வருஷமாக மருந்தடிக்கிறார். கையுறை கிடையாது. குச்சி கிடைக்காவிட்டால் கையாலேயே கலக்குவார்.
“பூச்சிமருந்து மட்டும்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வெயிலும் தண்ணி குறைவும் சேர்ந்திருக்கலாம். இனிமேல் மருந்து பக்கமே போகாதீங்க. தோட்டத்துல தண்ணி குடிப்பீங்களா?”
“குடிக்கமாட்டேன் டாக்டரே. குடிச்சா முட்டும். பூவுக்குள்ள பெய்ய முடியுமா? சாமிக்குப் போற பூவுல்லா.”
கத்திவிட்டேன். “நாம போறது சர்ச்சுக்கு. உங்களுக்கு எந்தச் சாமி?”
“பூ அப்பிடிப் பாக்காதுலே. மண்டைக்காட்டு அம்மனுக்கும் போவும், நம்ம கல்லறைக்கும் போவும்.”
எனக்குக் கோபம் போகவில்லை.

பிப்ரவரி 18
வேலையை விடமாட்டாராம். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். டயாலிசிஸ் கட்டிலில் சொந்த அப்பாவுக்கு ஊசி ஏற்றவா நான் இதைப் படித்தேன்?

பிப்ரவரி 19
சண்டைக்கென்றே விடியக்காலம் தோவாளை போனேன். எடுத்த எடுப்பிலேயே ஞானதாசனிடம், “உங்க பூவுக்காக எங்க அப்பா தண்ணி குடிக்காம கெடந்து கிட்னி போச்சு” என்றேன்.
அவர் வாய் திறக்குமுன் பூப்பறித்துக்கொண்டிருந்த பிந்து அக்கா நிமிர்ந்தார். “அவரு மட்டுமா? நாங்க பொம்பளையள் வந்தா வீடு போறவரைக்கும் ஒரு சொட்டு குடிக்கமாட்டோம். என்னைக்காச்சும் கேட்டியளா?”
ஞானதாசன் தலை குனிந்தது. “எனக்கு இது தோணவே இல்ல தம்பி.”
தோணவே இல்லையா! ஆனால்... அப்பாவைத் தவிர எனக்கும்தான் யாரும் தோணவில்லை.

மார்ச் 10
தோட்டத்து மூலையில், பூப்பாத்திக்கு வெளியே, கக்கூஸ் எழும்பிவிட்டது. குழாய், சோப்பு எல்லாம் உண்டு. அப்பாவுக்கு இனி மோட்டார் போடுவதும் பூ எடைபோடுவதும்தான் வேலை. மருந்தடிக்க வருகிறவனுக்குக் கையுறை, முகமூடி. இதெல்லாம் பிந்து அக்கா ஞானதாசனிடம் கேட்டு நின்று வாங்கிக் கொடுத்தது.
அப்பாவுக்குச் சடைவு. “மருந்து பம்பு இல்லாம முதுகு என்னமோ போல இருக்கு.” இருக்கட்டும்.

மார்ச் 13
பறிக்கிற அக்காமார் எல்லாரும் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்களாம். எனக்குத் திட்ட வருகிற அளவுக்கு நன்றி சொல்ல வராது. நேரில் “செரி அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இங்கேயாவது எழுதுகிறேன். பிந்து அக்கா, நல்லா இருக்கணும்.

ஜூன் 8
கிரியேட்டினின் 2.0. ஏறவில்லை. ஏறவில்லை!
மத்தியானம் அப்பா ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சோறு கொண்டுவந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று கட்டில்களையே பார்த்தார். பிறகு, “லே மக்கா, கக்கூஸ் எங்கலே? முட்டுது.”
ஏசுஅடிமை அண்ணன் கட்டிலில் கிடந்தபடியே சத்தம் போட்டார். “பாத்துக்கிட்டு நிக்கியே, சட்டுனு கூட்டிட்டுப் போலே!”
கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனேன். வெளியே நின்று, சத்தம் கேட்கிறவரை காத்திருந்தேன்.
கர்த்தரே, ஸ்தோத்திரம்.