பலகையைச் சுற்றி விதைத்த கோதுமை

அன்புள்ள வீப்கே,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே தைவானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். என் மணிக்கட்டில் மாவுக்கட்டு, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மெர்லே எழுதுகிறாள். தொலைபேசியில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

இன்னும் இரண்டு வருடம் அங்கேயே வேலை பார்க்கச் சம்மதமா என்று மாதக் கடைசிக்குள் நீ சொல்ல வேண்டுமாமே, அதைப் படித்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நம் வயலில் கணினிச் சிப் ஆலை வரும், நீ தொழில் கற்று வந்து வீட்டிலிருந்தே வேலைக்கு நடந்து போவாய் என்றுதானே அனுப்பினோம். எப்போது வேண்டுமானாலும் மண்ணெடுக்க வருவோம், விதைக்காதீர்கள் என்று கம்பெனி சொல்லியே இரண்டு இலையுதிர்காலம் போய்விட்டது, அந்தக் கறுப்பு மண்ணில் முட்செடிதான் முளைத்தது. உலகத்துச் சிப்புகளில் பத்தில் ஒன்றுதான் நம் ஐரோப்பாவில் செய்கிறார்கள், அதை ஐந்தில் ஒன்றாக்க நினைக்கிறார்கள், ஆனால் அதற்கான மிக நுட்பமான இயந்திரம் நெதர்லாந்திலிருந்துதான் எல்லோருக்கும் போகிறது என்று மெர்லே பள்ளி நூலகத்தில் படித்துவந்து சொல்கிறாள். அப்படியென்றால் அந்த இயந்திரம் செய்கிற இடம் காரில் போனால் நமக்கு ஆறு மணி நேரத் தூரம், இயந்திரமோ நம்மைத் தாண்டி விமானமேறி உன்னிடம் வருகிறது, இது எனக்கு விளங்கவே இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காப்பிக்கு வந்த பக்கத்து வீட்டு லூடெக்கே, ப்ளம் கேக்கை மென்றுகொண்டே அப்பாவிடம், என்னப்பா, இந்த வருஷம் உன் வயல்ல சிப் எத்தனை மூட்டை என்று கேட்டார். மறுநாள் காலை அப்பா டிராக்டரில் விதைக்கும் இயந்திரத்தைப் பூட்டிக்கொண்டு போய்க் கோதுமை விதைத்துவிட்டார். கம்பெனிக்காரன் கேட்டா என்ன சொல்வீங்க என்றேன். வந்தா உழுது தள்ளட்டும், வரலேன்னா ரொட்டியாகட்டும் என்றார். ஆனால் இங்கே ஆலை வரும் என்று கம்பெனி நட்ட அறிவிப்புப் பலகையை மட்டும் தொடாமல், சுற்றி வளைத்து ஓட்டியிருக்கிறார். பிடுங்கிப் போட்டிருக்கலாமே என்றதற்கு, அவ திரும்பி வந்தா இடம் தெரிய வேணாமா என்கிறார்.

அதனால் நீ சம்மதம் என்றே எழுதிக் கொடு. யாரோ வருவார்கள் என்று நாங்கள் வயலைத் தரிசு போட்டது போல உன் வருடங்களைப் போட்டுவிடாதே. இரண்டு அறுவடை முடிந்ததும் வா, பலகையைச் சுற்றி விதைப்பதா, அதன் மேலேயே விதைப்பதா என்று நீயே சொல். சிப்பில் தூசி படாமலிருக்கத் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு வேலை செய்கிறாய், வெளியே வந்ததும் தண்ணீர் குடிக்க மறக்காதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அம்மா,
குட்ருன்

அக்கா, இது அம்மா சொல்லாதது: பயிர் என் சுண்டுவிரல் உயரம் வந்துவிட்டது. அம்மா தினமும் அந்தப் பலகை வரை நடந்துவிட்டு வருகிறாள். மெர்லே.