மிச்சோவாகானில் எங்களுக்கு ஒரு பண்ணை இருந்தது

2012 ஆகஸ்ட் 15, புதன்

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். இந்த அமெரிக்க அரசாங்கம் ஒருநாள் நம் பிள்ளைகளிடம் வந்து நிற்கும் என்று லெட்டூஸ் கீரை வயலில் நின்று நான் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். இன்று மாதா கோயில் மண்டபத்தில் வரிசை தெருமுனை வரை நிற்கிறது. சின்ன வயதில் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு காகிதம் இல்லாமல் வந்த பிள்ளைகளை இரண்டு வருஷத்துக்கு வெளியே அனுப்ப மாட்டார்களாம், வேலைக்கு அனுமதி கார்டும் கொடுப்பார்களாம். இன்றுதான் மனு வாங்கும் முதல் நாள்.

என் தங்கை மகள் யாரெலி நாலு வயதில் வந்தவள், இப்போது பதினெட்டு. நர்ஸ் படிப்பு படிக்க வேண்டும் என்று துடிக்கிறாள். அவளை இந்த நாட்டுக்குள் கொண்டு வந்ததே நான்தான். ஆற்றில் தண்ணீர் என் மூக்குவரை, குழந்தை என் தலைமேல் - இதை வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் தங்கை எயுலாலியா குறுக்கே விழுந்தாள். "நாம வந்த வழியில ஆறே கிடையாதுண்ணே. வெறும் பாலைவனம்."

ஆறோ மணலோ, தூக்கி வந்தது நான். எனக்கென்ன, எண்பத்தாறில் காகிதம் இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தார்களே, அப்போதே குடியிருப்புக் கார்டு வாங்கியவன். ராஜா மாதிரி எல்லை கேட் வழியாக வந்திருக்கலாம். குழந்தைக்குத் துணை வேண்டுமே என்று மணலில் நடந்தேன்.

செப்டம்பர் 2, ஞாயிறு

வக்கீல் பெனவிதெஸ் சின்னப் பெண். இங்கேயே பிறந்தவள், ஆனால் நம் ஸ்பானிஷ் பேச்சு நன்றாக வருகிறது. கடைசி ஐந்து வருஷமும் யாரெலி இந்த நாட்டை விட்டுப் போகவில்லை என்பதற்கு ஒவ்வொரு வருஷத்துக்கும் அத்தாட்சி வேண்டுமாம்.

வீடு முழுக்கத் தேடினோம். என்ன கிடைக்கும்? வாடகை வேறொருவர் பேரில், கரண்ட் வேறொருவர் பேரில். எங்குமே பேர் பதியாமல் இருப்பதுதானே இத்தனை வருஷமாக எங்கள் சாமர்த்தியம். யாரெலி அலமாரியை அறைந்து சாத்தினாள்.

"மாமா, இந்த ஊர்ல என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"பள்ளிக்கூடத்துல இருக்கும்மா. பள்ளிக்கூடம் போதும். நான் இருக்கேன்ல?"

செப்டம்பர் 14, வெள்ளி

பள்ளிக்கூடத்திலிருந்து வருகைப் பதிவு வந்தது. 2008 நவம்பர் முதல் மறுவருஷம் மார்ச் வரை யாரெலி வரவில்லை. பக்கத்தில் ஒரு குறிப்பு: மெக்சிகோவில் குடும்பப் பண்ணைக்குச் சென்றாள், பதினைந்து வயது நிறைவு விழா.

எயுலாலியா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். "எந்தப் பண்ணை? நமக்கு ஏது பண்ணை? யாருண்ணே இப்படி எழுதினது?"

யாரும் எழுதவில்லை. நான் சொன்னேன். பள்ளிக்கூட ஆபீஸ்காரி எழுதிக்கொண்டாள்.

எப்படிச் சொல்வேன் இதை? நவம்பர் வந்தால் இங்கே சலினாஸில் லெட்டூஸ் முடிந்துவிடும். அறுவடைக் கும்பல் மொத்தமும் பஸ் ஏறி அரிசோனாவில் யூமாவுக்குப் போகும், பிள்ளைகளும் கூடவே. அந்த வருஷமும் போனோம். ஒரே டிரெய்லரில் எல்லாரும், மழை வந்தால் அடுப்பு அணைந்துவிடும். அவளைப் பள்ளியிலிருந்து எடுக்கப் போனவன் நான். ஆபீஸ்காரி கண்ணாடிக்கு மேலே பார்த்தாள். "நீங்களும் லெட்டூஸ் ஆளுங்கதானா?" அந்தக் கேள்வியில் என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. "இல்லைங்கம்மா, மிச்சோவாகான்ல எங்க பண்ணைக்குப் போறோம். இவளுக்குப் பதினஞ்சு வயசு விழா. குதிரை எல்லாம் வருது" என்றேன். குதிரைக்கு நிறம்கூடச் சொன்னேன்.

செப்டம்பர் 15, சனி

இன்று வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. தட்டு மட்டும் வந்தது.

செப்டம்பர் 21, வெள்ளி

வக்கீல் அந்தக் குறிப்பின்மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வாரம் போயிட்டு வந்தாக்கூட வாதாடிப் பாக்கலாம். நாலு மாசம் வெளியில இருந்தான்னு பள்ளிக்கூடமே சொல்லுது. மனு நிக்காது. தள்ளுபடி ஆச்சுன்னா இவ விலாசம் அவங்க கையில."

"அப்ப அனுப்பாமலே விட்டா?" என்றாள் எயுலாலியா.

"விட்டா இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே." யாரெலி தலையைத் திருப்பிக்கொண்டாள்.

மனு நிற்க இரண்டு வேண்டுமாம். அந்த மாதங்களில் அவள் யூமாவில்தான் இருந்தாள் என்று பார்த்தவர்கள் எழுதித் தர வேண்டும். அதோடு, மெக்சிகோ என்று பள்ளியில் சொன்ன ஆளே, அது பொய் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பேர், விலாசம், அடையாளம் எல்லாம் சேர்த்து.

"அதுக்கென்ன, அண்ணன்கிட்டதான் கார்டு இருக்கே" என்றாள் எயுலாலியா.

"தாராளமா" என்றேன். "இன்னைக்குக் கட்டைவிரல் சுளுக்கு."

செப்டம்பர் 30, ஞாயிறு

எங்கள் பெண்களுக்குப் பதினைந்து வயது விழா என்றால் செலவை ஒருத்தர் ஏற்க மாட்டார். கேக்குக்கு ஒரு ஞானத்தாய், செருப்புக்கு ஒரு ஞானத்தகப்பன், கிரீடத்துக்கு ஒருத்தர், இசைக்கு ஒருத்தர். யாரெலியின் விழா யூமாவில் டிரெய்லர் முற்றத்தில் நடந்தது. கேக் சோலெதாத். கும்பலின் மேஸ்திரி, குடியுரிமை பெற்றவள், வாய் மட்டும் கத்தி. செருப்பு பஸ் டிரைவர் ஹெர்மிலோ. இசை நான்.

சோலெதாத் வீட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னேன். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. மாவுக் கையோடு சிரித்தாள்.

"பண்ணையா? குதிரையா? பதினாலு பேர் பேண்டு கொண்டாறேன்னு சொன்னவன்தானே நீ? வந்தது என்ன? உன் வண்டி ரேடியோ. அதுலயும் நடுவுல மாட்டுத் தீவன விளம்பரம்."

"பேண்டுக்காரங்க வழி தவறிட்டாங்க சோலெதாத்."

"வழி தவறினது உன் நாக்கு." சிரிப்பு நின்றுவிட்டது. "புள்ளைக்காக நான் எழுதித் தர்றேன். ஹெர்மிலோவையும் இழுத்துட்டு வர்றேன். போட்டோகூட இருக்கு, பின்னால நம்ம பஸ் நிக்கும். ஆனா நீ உன் வாயால போட்ட முடிச்ச நீதான் அவுக்கணும், கேட்டியா?"

கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது.

அக்டோபர் 13, சனி

வாட்சன்வில்லில் ஆப்பிள் பறிக்க ஆள் வேண்டும் என்றார்கள், இரண்டு வாரமாக அங்கேதான். நான் இல்லாவிட்டால் அந்தத் தோட்டமே நின்றுபோகும் என்று முதலாளி கெஞ்சினார்.

இன்று யாரெலி பஸ் பிடித்து அங்கேயே வந்துவிட்டாள். மரத்தடியில் நின்று, ஏணியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். இல்லன்னு சொல்ல ஒரு மாசமா மாமா?"

"வேலைம்மா..."

"என் கூடப் படிச்சவங்க எல்லாம் காலேஜ்ல சேந்தாச்சு. நான் ஓட்டல்ல படுக்கை விரிக்கிறேன், வேற ஒருத்தி பேருல. அங்க என்னைக் கூப்பிட்டா திரும்பிப் பாக்கக்கூட மறந்துடுது." பிறகு, மெதுவாக: "பயமா இருக்கா மாமா?"

"பயமா? எனக்கா? தேர்தல் முடியட்டும்னு பாக்கறேன். எவன் வர்றானோ, சட்டமே இருக்குமோ இருக்காதோ."

கூடையிலிருந்து நல்ல பழமாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே போனாள். கடிக்கவில்லை.

நவம்பர் 6, செவ்வாய்

தேர்தல். ஓட்டுப் போடாத எங்கள் தெருவில்தான் ஓட்டுப் போட்டவர்களைவிட அதிகமாக டிவி ஓடியது. பழைய ஜனாதிபதியே ஜெயித்தார், சட்டம் பிழைத்தது. சாக்கு செத்தது.

நவம்பர் 8, வியாழன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மண்டபத்துக்குத் தனியாகப் போனேன், சலவைச் சட்டையில். சோலெதாத்தும் ஹெர்மிலோவும் எழுதித் தந்தவை மேஜையில் இருந்தன. போட்டோவில் யாரெலி ரோஸ் கவுனில், பின்னால் சேறு படிந்த பஸ், அரிசோனா நம்பர் பலகை. வக்கீல் என் வாக்குமூலத்தை எனக்கு நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டினாள். 'எனக்குப் பண்ணை கிடையாது. குதிரை கிடையாது. கௌரவத்துக்காக அப்படிச் சொன்னேன்.' நம் பேச்சில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையுமே சொன்னதில்லை.

ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இங்க உங்க கார்டு நம்பர்."

"அது காலியாவே இருக்கட்டும்."

பேனா நின்றது. என்னைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பிதென்சியோ ஐயா, உங்க பேரும் விலாசமும் இதுல இருக்கு. வேற ஆள் யாராவது... நான் கட்டாயப்படுத்த முடியாது."

"அன்னைக்கு அந்த ஆபீஸ்ல நின்னது வேற ஆள் இல்லையே. என் பேர் அழகான பேர்ம்மா. அவங்க படிக்கட்டும்."

பேனாவை வாங்கிப் போட்டேன். எழுத்து கோணியது. சுளுக்கு.

2013 ஜனவரி 17, வியாழன்

யாரெலி கைரேகை கொடுத்துவிட்டு வந்தாள். இனி காத்திருப்பதுதான்.

தெருமுனையில் நேற்றிலிருந்து ஒரு வெள்ளை வேன். ஜன்னலில் கறுப்புக் கண்ணாடி, குடியேற்றப் போலீஸ் வேன் மாதிரி. காற்று மாறுதலுக்காக ஹெர்மிலோ வீட்டுக் கொல்லையில் இருக்கிற பழைய டிரெய்லருக்கு வந்திருக்கிறேன். இங்கே காற்று மிக நன்றாக இருக்கிறது.

ஜனவரி 19, சனி

கம்பளம் துவைக்கிறவர்களின் வேன். எயுலாலியா போய் விலையே விசாரித்துவிட்டாள்.

"வாண்ணே வீட்டுக்கு" என்றாள் போனில். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

பிப்ரவரி 11, திங்கள்

கதவு தட்டினால் முதலில் நான் எழுந்து பின்கட்டுக்குப் போகிறேன். யாரெலி திறக்கிறாள். முன்பெல்லாம் தலைகீழாக இருந்தது.

மார்ச் 2, சனி

வந்துவிட்டது. உறையைப் பிரிக்க மாட்டேன் என்று எயுலாலியா அழுதாள், கிழிந்துவிடுமாம். யாரெலி பிரித்தாள். கார்டில் அவள் முகம், அவள் பேர், முழுப் பேர். அதை உரக்கப் படித்தாள், பிறகு இன்னொரு தடவை. சோலெதாத் கேக்கோடு வந்து, "ரேடியோவைப் போடு, பதினாலு பேரும் வாசிக்கட்டும்" என்றாள். போட்டேன். விளம்பரம்தான் வந்தது. அப்படிச் சிரித்து எங்கள் வீட்டில் வெகுகாலம் ஆயிற்று.

எல்லாரும் போன பின் யாரெலி மேஜையில் தன் கார்டை வைத்தாள். "உங்க கார்டை எடுங்க மாமா. பக்கத்துல வெச்சுப் பாக்கலாம்."

"அது எதுக்கும்மா இப்ப? பழசு..."

"எனக்குப் பத்து வயசுல உங்க பர்ஸ் கீழ விழுந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "லைசென்ஸ் வாங்கினதும் வேலைக்கு நானே கொண்டுபோய் விடறேன். முன் சீட்டுல உக்காருங்க, சரியா?"

இந்த நோட்டை அவள் புரட்டுவாள் என்று தெரிந்துதான் இத்தனை நாள் எழுதினேன். இனி என்ன? ஆறு இல்லைதான், மணல். பேண்டு இல்லைதான், ரேடியோ. அதெல்லாம் பேச்சுக்கு உப்பு, போகட்டும். ஆனால் எண்பத்தாறில் வாங்கிய கார்டு என்று எழுதினேனே, அது நானாகச் சேர்த்தது. அந்த வருஷம் நான் இந்த நாட்டிலேயே இல்லை. பர்ஸில் இருப்பது வாட்சன்வில் நூலகத்தின் கார்டு. அதில் என் பேர் சரியாக இருக்கிறது.